ஒன்பதில் வைத்த கை

சேகரின் வண்டி எஞ்சினைக் கெடுத்தவன் நான்தான். கத்திரி வெயில் அல்ல, டீசலில் கலப்படம் அல்ல, அவனுடைய கெட்ட நேரமும் அல்ல... நான்! பொறாமையால், தெரிந்தே, என் கையாலேயே செய்தேன்.

இதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. சேகருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் என்னை அறியாதவர். திண்டிவனம் பஸ் நிலையத்தில் நான் எதிரே வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

என் பெயர் அந்தோணி. சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வைத்து வாடகைக்கு லோடு ஏற்றுகிறவன். அதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு டீசல் பம்ப் ஒர்க் ஷாப்பில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். ஆகையால் எங்கள் திண்டிவனம் லோடு ஸ்டாண்டில் யாருக்கு வண்டியில் என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள்.

எனக்கு இன்னொரு பெயரும் உண்டு. கைராசிக்காரன்! எப்போதோ ஒருவருக்கு நான் பேட்டரி மாட்டிக் கொடுத்த மறுநாளே நல்ல சவாரி அமைந்ததாம். அன்றிலிருந்து ஸ்டாண்டில் அது வழக்கமாகிவிட்டது. புது டயர், புது ஹாரன், புது விளக்கு... எது வாங்கினாலும் முதல் திருகை அந்தோணி கையால் திருக வேண்டும். அதற்குப் பிறகுதான் மெக்கானிக் தொடுவார்.

நான் வேதக்காரன். இதையெல்லாம் நம்பக் கூடாது, நம்பவும் இல்லை. ஆனால் பிடித்திருந்தது. நாலு பேர் நம் கையைத் தேடி வருவது யாருக்குத்தான் பிடிக்காது?

சேகர் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்தது எனக்குப் பல வருடங்கள் கழித்து. என்னைவிட வயதில் இளையவன். என்னுடைய வண்டி எந்தக் கம்பெனியோ, எந்த மாடலோ, அதே வண்டியைத்தான் அவனும் வாங்கினான். ஏன் தெரியுமா? நான் அந்த வண்டி வைத்திருந்தேன் என்பதற்காக! "அண்ணன் வாங்கினா யோசிச்சுத்தான் வாங்கியிருப்பாரு" என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னான்.

அப்படிப்பட்டவன்மேல் ஒருவனுக்குப் பொறாமை வருமா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது.

லூர்து அக்காவிடமிருந்துதான் அது தொடங்கியது. அக்கா மரக்காணம் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து விழுப்புரம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். பெட்டி பெட்டியாக மீன், மேலே ஐஸ். அந்த லோடு முழுவதையும் நான் ஒருவனே ஏற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மீனால்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஒருமுறை வளவனூரில் சொந்தக்காரர் கல்யாணம். எனக்குப் பதிலாகச் சேகரை நானே அனுப்பிவைத்தேன். நானே!

திரும்பி வந்து பார்த்தால், அக்கா பாதி லோடை அவனுக்கு ஒதுக்கியிருந்தார்.

"நான் ஏதாவது தப்பு பண்ணேனாக்கா?" என்று கேட்டேன்.

"நீ நல்லவன்தான் அந்தோணி. ஆனா மூஞ்ச ஏன் எப்பவும் இப்படி உம்முனு வெச்சிக்கினு இருக்க? அந்தப் புள்ள வந்தா பொட்டி தூக்கறவங்களுக்குக்கூட அலுப்பு தெரியல" என்றார்.

என் முகம் அப்படித்தான். என்ன செய்ய? சேகர் வண்டியை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவான். தானும் ஒரு கை கொடுத்துப் பெட்டி தூக்குவான். ஐஸ் உடைக்கும் கிழவரைக் கேலி செய்வான், அவர் திருப்பிக் கேலி செய்வார். போகும்போது அக்கா நல்லதாக நாலு சங்கராவை எடுத்து அவன் கையில் கொடுப்பார். "வூட்ல கொழம்பு வெக்கச் சொல்லு." எனக்கு அத்தனை வருடத்தில் ஒரு நெத்திலிகூடக் கொடுத்ததில்லை.

வீட்டுக்குப் போனால் ஸ்டெல்லா வேறு. "சேகரு மாதிரி நாலு வார்த்த சிரிச்சிப் பேசினா இன்னாங்க கொறஞ்சா போயிடுவீங்க?" அன்று நான் சாப்பிடவில்லை. அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

அவனைப்போலச் சிரிக்க எனக்கு வராது. வண்டி எனக்கு வரும். மார்க்கெட்டுக்கு முதலில் போய்ச் சேருகிறவனுக்குத்தான் மதிப்பு என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அப்படித்தான் எஞ்சினில் மாட்டுகிற ஒரு பெட்டியைத் தேட ஆரம்பித்தேன்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்து டீசல் எஞ்சினில் எவ்வளவு டீசல் அடிக்க வேண்டும் என்பதை வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. டீசல் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று ஒரு சென்சார் அதற்குச் சொல்லும். அந்த இரண்டுக்கும் நடுவே கைக்கடக்கமான ஒரு பெட்டியை மாட்டினால், உள்ளதைக் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பிவிடும். அழுத்தத்தைக் கூட்டும், டீசல் அதிகம் போகும், வண்டி சீறிக்கொண்டு இழுக்கும். இடையில் நின்று பொய் சொல்வதுதான் அதன் தொழில். அளவோடு சொன்னால் வண்டிக்குப் பெரிய கேடில்லை. அளவு மீறினால் எஞ்சினுக்குள் சூடு ஏறி, இரும்பும் அலுமினியமும் தாங்காது.

வாரக்கணக்கில் தேடினேன். எத்தனை விதம்! எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிற மலிவுப் பெட்டிகள்... அவற்றை நான் தொடவில்லை. கடைசியில் என் எஞ்சினுக்கென்றே செய்த ஒன்றை எடுத்தேன். சூடு ஏறினால் அதுவே டீசலைக் குறைத்துவிடும். மூடியைத் திறந்தால் உள்ளே சின்னத் திருகு ஒன்று, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண்கள்; எண் ஏற ஏறப் பொய்யும் ஏறும். மூன்றில் வைத்தேன். லோடு வண்டிக்கு அது போதும். வெளியே தெரியாதபடி கறுப்பு டேப் சுற்றி மறைத்தேன்.

வண்டி இழுத்தது! மீன் பெட்டிகளோடு திண்டிவனம் மேம்பாலத்தில் கியர் குறைக்காமல் ஏறியது. சேகருக்கு முன்னால் நான் விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போய் நின்றேன். லூர்து அக்கா அன்று அங்கேதான் இருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் இப்படி ஓட்டிக்கினு வர? ஐஸ் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். பிறகு எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்துக் கேட்டார்: "சேகரு வர்லியா?"

அந்த ஒரு கேள்வி! அன்று எனக்குள் எதுவோ கெட்டுப்போனது. அதற்கு முன்னால் வெறும் வயிற்றெரிச்சலாக இருந்தது, அதற்குப் பிறகு அவன் விழ வேண்டும் என்ற ஆசையாக மாறியது. அவன் எனக்கு என்ன தீங்கு செய்தான்? ஒன்றுமில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சேகர் கவனித்துவிட்டான். கெட்டிக்காரன். அக்கா அவனுக்குப் பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போனார், அவன் வண்டி மேம்பாலத்தில் திணறியது. ஒருநாள் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, உங்க வண்டி மட்டும் எப்படிண்ணே இப்படி இழுக்குது? ஏதோ போட்டிருக்கீங்க. என்னாண்ட சொல்ல மாட்டீங்களா?"

சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் உடனே போனை எடுத்துத் தேடினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெட்டிகளை எனக்குக் காட்டினான்.

கேளுங்கள்... அவன் காட்டிய முதல் பெட்டி என்னுடையதேதான்! யாரும் சொல்லாமலே சரியானதைக் கண்டுபிடித்திருந்தான். நான் வாரக்கணக்கில் தேடியதை அவன் ஒரு டீ ஆறுவதற்குள் தேடிவிட்டான். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

"இதுல சூடு ஏறினா தானே கொறச்சிக்குமாம்ணே. இது தேவலயா? இல்ல இன்னொண்ணு கீது, எல்லா வண்டிக்கும் சேருமாம்."

"மொத சொன்னது காருக்குடா. லோடு வண்டில பாதி ஏத்தத்துல கொறச்சிக்கினா பாலத்துமேல நின்னுக்கினு இருப்ப. இன்னொண்ண வாங்கு" என்றேன்.

"உங்க வண்டில இதான் கீதாண்ணே?"

"ஆமாம்டா."

இவ்வளவுதான். ஒரு சொல். டீ குடித்தபடி சொன்னேன், குரல்கூட மாறவில்லை. அவன் உடனே அந்த மலிவுப் பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டு, எனக்கும் சேர்த்து டீக்குக் கொடுத்தான்.

பெட்டி வந்ததும் நேரே ஸ்டாண்டுக்குக் கொண்டுவரவில்லை. மயிலத்துக்குப் போய் மலையேறி, முருகன் சன்னதியில் வைத்து அர்ச்சனை செய்துகொண்டு வந்தான். அட்டைப்பெட்டியின்மேல் விபூதியும் குங்குமமும். ஸ்டாண்டில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பானட்டைத் தூக்கிவிட்டு, அதை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"நீங்க மாட்டுங்கண்ணே. நெம்பர்கூட நீங்களே வெச்சிடுங்க. உங்க கை ராசி."

அப்போதாவது நான் திரும்பியிருக்கலாம். சாமி சன்னதியிலிருந்து வந்த பொருள்... என் சாமி இல்லை என்றாலும் சாமிதானே! அந்த மலிவுப் பெட்டியைக்கூட மூன்றில் வைத்திருந்தால் வண்டி தப்பித்திருக்கும். எனக்கு அது தெரியும். மாட்டி முடித்து மூடியைத் திறந்தேன். அதிலும் அதேபோல ஒரு திருகு, அதே எண்கள். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. லூர்து அக்கா. "தோ கெளம்பிட்டேங்க்கா. அண்ணன் கையால ஒண்ணு மாட்டிக்கினு இருக்கேன். இனிமே உங்க மீனு பறக்கும் பாருங்க!" என்றான். மறுமுனையில் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். போனுக்கு வெளியே எனக்குக் கேட்டது. அத்தனை வருடம் அவருக்கு உழைத்திருக்கிறேன், அந்தச் சிரிப்பை ஒருநாளும் நான் வாங்கியதில்லை.

என் கை மறுபடி திருகியது. நான்கு... ஐந்து... நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பதில் போய் முட்டி நின்றது. மூடியைப் போட்டுத் திருகினேன். "ராசியா ஓட்டுடா" என்றும் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

வண்டி பறந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். ஸ்டாண்டில் இருந்த எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான். கொஞ்ச நாளில் புகை கக்க ஆரம்பித்தது. கரும்புகை. "கொஞ்சம் ஜாஸ்தியா வருதுண்ணே" என்றான். "புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

ஸ்டாண்டில் ஒருவர் அவனை எச்சரித்தார். அந்தப் பெட்டியைத் திறந்து நம்பரைக் குறைத்துவிடச் சொன்னார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். சேகர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான்.

"அண்ணன் கை வெச்ச எடத்துல நான் கை வெக்க மாட்டேன். வெச்சா ராசி போயிடும்."

ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்திருந்தால் போதும், ஒன்பது என்று அவன் கண்ணுக்கே தெரிந்திருக்கும்! திறக்கவில்லை. என் கைமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. கடவுள் எனக்கு ஒரு வாசலைத் திறந்து காட்டியது போலத்தான் அது. "இல்லடா, கொஞ்சம் கொறச்சிடலாம் வா" என்று சொன்னால் முடிந்தது. நான் என் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கத்திரி வெயில் தொடங்கியது. ஒரு நண்பகலில் அவனிடமிருந்து போன்.

"அண்ணே... வண்டி நின்னுக்கிச்சுண்ணே. விக்கிரவாண்டி தாண்டி. டம்முனு ஒரு சத்தம், அப்புறம் ஒரே வெள்ளப் புகை. மீனு இருக்குதுண்ணே, ஐஸு கரையுது. ஜல்தி வாங்கண்ணே!"

ஜல்தியாகத்தான் போனேன். வழியெல்லாம் எனக்கு நெஞ்சு படபடத்தது. அது பயம் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஆனால் பொய் சொல்லி என்ன பயன்? பாதி பயம், பாதி... வேறு. அந்த வேறுக்குப் பெயர் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாலையோரத்தில் அவன் வண்டியின் நிழலில்கூட நிற்காமல், தன் சட்டையைக் கழற்றி நனைத்து மீன் பெட்டிகளின்மேல் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அழுதுவிட்டான். அந்தச் சிரித்த முகம் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு பேருமாகப் பெட்டிகளை என் வண்டிக்கு மாற்றினோம். மாற்றி முடித்ததும் நான் அவன் பானட்டுக்குள் கைவிட்டு அந்தப் பெட்டியைக் கழற்றினேன். "கம்பெனிக்காரன் பாத்தான்னா வாரண்டி தர மாட்டான்டா" என்றேன். அவனுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்காகச் செய்தேன். அதன் மூடிக்குள் என் ஒன்பது இருந்தது. அன்று மாலையே போய் வீடூர் அணைத் தண்ணீரில் எறிந்தேன்.

மீன் கெடாமல் போய்ச் சேர்ந்தது. லூர்து அக்கா முதன்முறையாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல வந்து நின்ன அந்தோணி" என்றார். அன்று சங்கரா மீன் என் வீட்டுக்கு வந்தது. ஸ்டெல்லா குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது... அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் ஒயர் கிளிப்பில் இருந்த கீறல்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். வெளிப்பொருள் ஏதோ மாட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். யார் மாட்டிக் கொடுத்தது என்று கேட்டார்கள். நான் சேகரின் பக்கத்தில்தான் நின்றேன்.

"நானே வாங்கி நானே மாட்டினேன் சார். யாருக்கும் தெரியாது" என்றான்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னான்: "உங்க பேரச் சொன்னா ஸ்டாண்டுல உங்க ராசி கெட்டுடும்ணே. என் நேரம், வுடுங்க."

அவன் வண்டியைச் சரிசெய்ய முடியாமல் நின்ற இடத்திலேயே விற்றான். லோடு முழுவதும் மறுபடி என்னிடம் வந்தது. ஒரு வண்டி போதாமல் இன்னொன்றும் வாங்கினேன். அதற்கு ஓட்டுநர் யார் என்று நினைக்கிறீர்கள்? சேகர்தான்! அவனே வந்து கேட்டான், நானும் வைத்துக்கொண்டேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். விழுந்தவனைக் கைதூக்கிவிட்டானாம் அந்தோணி.

அதோடு தீர்ந்ததா? இல்லை. இப்போது அக்கா பெட்டி ஏற்றும்போது, "நீ வர வேணாம் அந்தோணி, சேகர அனுப்பு" என்கிறார். என் வண்டி, என் டீசல், அவனுக்குச் சிரிப்பு! எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டேன், அதை மட்டும் அவனிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வருடாவருடம் போவேன், ஃபாதரிடம் சில்லறைப் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு வருவேன். இந்த முறை சொல்லிவிடுவது என்றே போனேன். எங்கள் கோயிலில் என் குரல் தெரிந்துவிடும் என்று விழுப்புரத்தில் வேறு கோயிலுக்குப் போனேன். அன்று லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. வண்டியைச் சேகர்தான் ஓட்டி வந்தான். வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். ஒன்பது வரை சொன்னேன். பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னேன்.

"அவர்கிட்ட நீங்க உண்மையைச் சொல்லணும். அவருக்கு ஆன நஷ்டத்துக்கு ஒரு வழி செய்யணும்" என்றார்.

"முடியாது ஃபாதர்."

"சரி. அது அப்புறம். செஞ்சதுக்கு மனசார வருத்தப்படுறீங்களா?"

ஆம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! எனக்குப் பழக்கமான ஒரு சொல்தானே. ஆனால் அந்த இடத்தில் முட்டி போட்டுக்கொண்டு நான் எனக்குள் தேடினேன். வெட்கம் இருந்தது. பயம் இருந்தது. அவன் சாலையில் அழுத முகம் இருந்தது. அதற்கும் அடியில், இவ்வளவு செய்தும் இவனையே எல்லோருக்கும் பிடிக்கிறதே என்ற எரிச்சல் அப்படியே, கொஞ்சமும் ஆறாமல் இருந்தது. அந்தத் திருகு மறுபடி என் கைக்கு வந்தால் மூன்றோடு நிறுத்துவேனா? எனக்குத் தெரியவில்லை... உண்மையாகவே தெரியவில்லை!

"தெரியல ஃபாதர்" என்றேன்.

"வருத்தம் வந்ததும் வாங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்றார். பாவமன்னிப்பு வாங்காமலே எழுந்து வந்தேன்.

வாசலில் சேகர் சும்மா நிற்கவில்லை. சிலுவைப்பாதை ஜெபத்துக்கு வந்திருந்த பெண்கள் கொண்டுவந்த நாற்காலிகளை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். முன்பின் அறியாத ஊர், அவனுக்குச் சம்பந்தமில்லாத கோயில். அதற்குள் அவர்கள் அவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோயில் படியில் நின்றபடியே எனக்கு வயிறு எரிந்தது.

என்னைக் கண்டதும் ஓடிவந்தான். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டான்.

"எனக்காவும் வேண்டிக்கினீங்களாண்ணே?" என்றான்.

"வேண்டிக்கினேன்டா" என்றேன்.

அவன் கதவைத் திறந்துவிட்டான். நான் ஏறி உட்கார்ந்தேன்.